நமக்குப் பிறகு பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களைப் பெற்றவர்கள் நாங்கள். திருச்சியில் பன்னிரண்டு குடும்பங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடுவோம். பிள்ளைகள் என்று வாய் சொன்னாலும் இளையவருக்கு 22 வயது, மூத்தவருக்கு 47. என் மகனுக்கு 31. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உண்டு, பேச்சு என்றால் பத்துப் பதினைந்து சொற்கள்தான். புதிதாக வருகிற பெற்றோர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நான் சொல்லிவருவதையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

நான் நன்றாகத்தானே இருக்கிறேன். இப்போதே எதற்கு இந்தப் பேச்சு?

நானும் அப்படித்தான் இருந்தேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பித்தப்பை ஆபரேஷனுக்காக ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் நாத்தனார் வீட்டில் மகனை விட்டிருந்தோம். அவனை மிகவும் நேசிக்கிற வீடுதான். ஆனால் ஒன்பது நாளும் அவன் குளிக்கவில்லை. எங்கள் வீட்டில் நீல வாளி, அங்கே சிவப்பு. அந்தக் காரணம் நான் வந்து பார்த்த பிறகுதான் யாருக்கும் புரிந்தது. நாலாம் நாளிலிருந்து சாயங்காலமானால் வாசல் கேட்டைப் பிடித்தபடி நிற்பானாம். கூப்பிட்டால் உள்ளே வருவதில்லை.

அது வெறும் ஒன்பது நாள். அம்மா இறந்த அன்றே ஒரு பிள்ளை தன் கட்டிலையும் தெருவையும் தட்டையும் பழகிய சாப்பாட்டையும் சேர்த்து இழந்தால் என்ன ஆகும்? நம்மில் பெரும்பாலோருக்கு இடமாற்றம் அப்படித்தான் நடக்கிறது. காரியம் முடிந்த பத்தாம் நாள், யாரோ ஒரு சித்தப்பா கையெழுத்துப் போட்டு, எந்த இடம் காலியாக இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் விடுகிறார்கள். நாம் நடமாடும்போதே பழக்கினால், பையன் சோர்ந்துபோகும் நாளில் நாம் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்க்கலாம். தப்பான இடமென்று தெரிந்தால் திரும்பக் கூட்டிக்கொண்டும் வரலாம். அதனால்தான் 'இப்போதே' என்கிறேன்.

'ஹோம்'ல விட்டுட்டா என்று ஊர் பேசுமே?

பேசும். என்னிடமும் பேசினார்கள். என் மகள் 23 வயதில் வேலைக்காகப் பெங்களூரு போய் மூன்று பெண்களோடு வீடெடுத்துத் தங்கினாள். அப்போது யாரும் 'கைவிட்டுவிட்டாய்' என்று சொல்லவில்லை, இனிப்பு கேட்டார்கள். அவள் அண்ணனும் வளர்ந்த மனிதன். அம்மாவின் முந்தானையைத் தாண்டி அவனுக்கும் ஒரு வீடு, கூடப் பேச நாலு பேர், தன் துணியைத் தானே மடித்துவைக்க ஓர் அலமாரி வேண்டும். இதைக் கொடுப்பதில் கைவிடுவது எங்கே வருகிறது? விட்டுவிட்டுப் பார்க்கப் போகாமல் இருந்தால் அதைத்தான் கைவிடுவது என்று சொல்ல வேண்டும்.

என்னென்ன மாதிரி இடங்கள் இருக்கின்றன?

நம் ஊரில் அதிகம் தெரிந்தது, ஐம்பது நூறு பேர் ஒரே வளாகத்தில் இருக்கும் இல்லம். சில இடங்களில் பெற்றோர்கள் சேர்ந்து நிலம் வாங்கி, தாங்களும் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கும்படி வீடுகள் கட்டிக்கொள்கிறார்கள். ஊருக்குள்ளேயே ஒரு சாதாரண வீட்டில் நாலைந்து பேர் உதவியாளர்களோடு வாழ்வது குழு இல்லம். இருக்கிற சொந்த வீட்டிலேயே தொடர்ந்து இருந்து, உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வதும் உண்டு. வீடு பெற்றோர் பெயரில் இருந்து, கணக்கு வழக்கைப் பார்க்க நம்பகமான ஏற்பாடும் இருந்தால் இந்தக் கடைசி வழியை லேசாகத் தள்ளிவிடாதீர்கள்.

பெங்களூரில் 1970 முதல் ஆஷா நிகேதன் நடந்துவருகிறது. பிரான்ஸில் 1964-ல் தொடங்கிய லார்ஷ் இயக்கத்தைச் சேர்ந்தது. உதவியாளர்களும் குறைபாடு உள்ளவர்களும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேஜையில் சேர்ந்து வாழ்வதுதான் அங்கே முறை. இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் சென்னையின் 'தி பேனியன்' அமைப்பு. மனநலச் சிகிச்சைக்கு வந்து ஆண்டுக்கணக்கில் மையத்திலேயே தங்கிவிட்டவர்களை, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டத்தில் நாலைந்து பேராக ஊருக்குள் வாடகை வீடுகளில் குடியமர்த்துகிறார்கள். மனநோய் வேறு, நம் பிள்ளைகளின் நிலை வேறு. ஆனால் தமிழ்நாட்டுத் தெருவில் அப்படி ஒரு வீடு நடக்குமா என்று கேட்பவர்களுக்கு அங்கே பதில் இருக்கிறது.

பெரிய இல்லத்தில் என்ன தவறு? டாக்டர், வேன், தோட்டம் எல்லாம் இருக்கிறதே.

நல்ல மனிதர்கள் நடத்தும் பெரிய இல்லங்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சிக்கல் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. நூறு பேருக்குச் சமைக்கும் இடத்தில் ஒருவருக்கு மட்டும் தோசை முறுகலாக வராது. நூறு பேர் தூங்க வேண்டுமென்றால் எட்டு மணிக்கு விளக்கை அணைத்தாக வேண்டும். நான் போன ஓர் இல்லத்தில் எல்லாச் சட்டையின் காலரிலும் மார்க்கர் பேனாவால் எண் எழுதியிருந்தது. குளியலறை ஜன்னலில் ஒரு பிளாஸ்டிக் மக், அதற்குள் பதினெட்டு டூத் பிரஷ். எண்ணிப் பார்த்தேன். எது யாருடையது என்று கேட்டேன், காட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்குத் தெரியவில்லை. அவள் கெட்டவள் இல்லை. காலையில் இரண்டு பேராக முப்பது பேரைக் கிளப்ப வேண்டியிருந்தவள்.

கூட்டம் மிஞ்சினால் ஆபத்தும் வரும். டில்லி ரோகிணியில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான அரசு இல்லம் ஆஷா கிரண். அங்கே 2024 ஜூலை மாதத்தில் மட்டும் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். இடத்துக்கு மேல் ஆள் அடைந்து கிடந்தது அதற்கு முன்பே பலமுறை செய்தியாக வந்திருந்தது. உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியாத இடங்களில் இப்படி நடக்க வாய்ப்பு அதிகம். பக்கத்து வீட்டு அக்கா தினம் எட்டிப்பார்க்கும் வீட்டில் ஒருவருக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றால் மூன்றாவது நாள் அவரே கேட்டுவிடுவார்.

இடத்தைப் பார்க்கப் போனால் எதைக் கவனிப்பது?

முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள், இரண்டாவது தடவை சொல்லாமல் போங்கள். சாயங்காலம் ஆறரை, ஏழு மணி நல்ல நேரம். பகல் வேலையாட்கள் போய், ராத்திரி ஆட்கள் வந்திருப்பார்கள்.

ஃப்ரிட்ஜை யார் திறக்கலாம் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் பாதி தெரிந்துவிடும். கழிவறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, கட்டிலுக்குப் பக்கத்தில் சொந்தப் பொருள் ஏதாவது இருக்கிறதா, காலையில் எழுந்து எங்கே போகிறார்கள், வீட்டுக்கு போன் பேச விடுகிறார்களா, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வரலாமா, யாருக்காவது தூக்க மாத்திரை கொடுக்கிறார்களா, கொடுத்தால் எந்த டாக்டர் எழுதியது, இதையெல்லாம் கேளுங்கள். 'மாதம் ஒரு தடவைதான் பார்க்கலாம், பிள்ளை ஏங்கிப்போகும்' என்று சொல்லும் இடம் எனக்கு வேண்டாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 50-ஆம் பிரிவுப்படி இப்படிப்பட்ட இல்லங்கள் பதிவுச் சான்று இல்லாமல் நடக்கக் கூடாது. சான்றைக் கேட்டு வாங்கி, தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். நடத்துபவரின் நல்ல பெயர் மட்டும் போதாது. லார்ஷ் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வானியே உலகமே போற்றிய மனிதர். அவர் இறந்த மறுவருஷம், 2020-ல், அந்த இயக்கமே வைத்த விசாரணையில் அவர் குறைந்தது ஆறு பெண்களைப் பாலியல் ரீதியாகத் தவறாகப் பயன்படுத்தியது வெளியே வந்தது. அவர்கள் குறைபாடு உள்ள பெண்கள் இல்லை, ஆனாலும் நம்பி வந்தவர்கள். இயக்கம் அதை மறைக்காமல் தானே சொன்னது. புகார் வந்தால் யாரிடம் போகும், வெளியாள் யாராவது வந்து பார்க்கிறார்களா என்று எந்த இல்லத்திலும் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறதா?

இருக்கிறது. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்று உறுதி செய்தது. அதன் 19-ஆம் பிரிவு, எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மற்றவர்களைப் போலவே இவர்களும் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. நம் 2016 சட்டத்தின் 5-ஆம் பிரிவு அதையொட்டி வந்ததுதான். சமூகத்துக்குள் வாழ்வது உரிமை. இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. வீட்டிலேயே கிடைக்கும் உதவி, தங்கும் வசதி, தனி உதவியாளர் எல்லாம் கிடைக்க அரசு முயல வேண்டும். அந்த 'முயல வேண்டும்' என்ற சொல்லில்தான் நம் போராட்டம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. முயன்றார்களா, எவ்வளவு முயன்றார்கள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அந்தப் பிரிவுக்கு உயிர்.

பெற்றோர்கள் அதிகம் அறியாத இன்னொரு பிரிவு 37. அரசின் வீட்டுவசதித் திட்ட ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம், குடியிருப்பு, தங்குமிடம் போன்றவற்றுக்காகச் சலுகை விலையில் கொடுக்கும் நிலத்திலும் 5 சதவீதம். குழு இல்லத்துக்கு இடம் கேட்கும் மனுவில் இந்தப் பிரிவை எண்ணோடு எழுதுங்கள்.

கார்டியன் சான்று வாங்கியே ஆக வேண்டுமா?

பதினெட்டு வயது முடிந்ததும் அப்பா அம்மா தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. இதைக் கேட்டுப் பலர் திகைக்கிறார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்ற நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ('நேஷனல் டிரஸ்ட்' என்ற மத்திய அரசு அமைப்பின் சட்டம்) மாவட்ட அளவிலான குழுவிடம் பாதுகாவலரை நியமிக்க விண்ணப்பிக்கலாம். கலெக்டர்தான் அதற்குத் தலைவர். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் அசையாச் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் கணக்கும் கொடுக்க வேண்டும். ஒழுங்காகப் பார்க்காவிட்டால் அவரை நீக்கவும் வழியிருக்கிறது.

ஆனால் 2016 சட்டம் கொஞ்சம் வேறு பாதையில் போகிறது. சொத்து வைத்திருக்கவும் முடிவெடுக்கவும் இவர்களுக்கும் உரிமை உண்டு. தேவைப்படும் முடிவுக்கு மட்டும், அவரோடு கலந்து முடிவெடுக்கும் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' போதும் என்பது அதன் 14-ஆம் பிரிவு. என் கருத்து இது: வங்கியும் சொத்தும் நிர்ப்பந்தித்தால் சான்றை வாங்கிவையுங்கள், ஆனால் பையன் எந்தச் சட்டை போடுவது, எங்கே படுப்பது என்பதற்கெல்லாம் அதைக் காட்டாதீர்கள்.

மகள் என்றால் எப்படித் துணிவது?

எங்கள் குழுவில் ஐந்து பேருக்குப் பெண் பிள்ளைகள். அவர்கள் இரவு தூங்குவதில்லை என்பது எனக்குத் தெரியும். பெண்கள் மட்டும் இருக்கும் வீடு, இரவு வேலைக்குக் குறைந்தது இரண்டு பெண்கள், எல்லாருக்கும் போலீஸ் சரிபார்ப்பு, வாராவாரம் வந்துபோகும் வெளிப்பெண் ஒருவர். இதற்குக் குறைவாக ஒத்துக்கொள்ளாதீர்கள். தொடக் கூடாத இடம் எது, யாரிடம் சொல்வது என்று மகளுக்கு அவள் மொழியில், படம் வைத்தாவது, சொல்லிக்கொடுங்கள்.

ஒரு கொடுமையைச் சொல்ல வேண்டும். 'கர்ப்பப்பையை எடுத்துவிட்டுக் கூட்டி வாருங்கள், அப்போதுதான் சேர்ப்போம்' என்று எங்கள் குழுவில் ஒருவரிடம் சொன்னார்கள். இது பழைய வழக்கம். 1994-ல் மகாராஷ்டிராவில் ஷிரூர் அரசு விடுதிப் பெண்களுக்குப் புணே அரசு மருத்துவமனையில் இப்படிச் செய்தது நாடு முழுக்கக் கண்டனத்துக்கு ஆளானது. இன்றைய 2016 சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி, விஷயத்தைப் புரிந்துகொண்டு அந்தப் பெண்ணே சம்மதிக்காமல், குழந்தை பிறக்காமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது. கர்ப்பப்பையை எடுத்தால் வன்கொடுமை நிற்காது, வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான். அந்த நிபந்தனை போடும் இடத்திலிருந்து அந்த நிமிஷமே எழுந்து வாருங்கள்.

செலவை எப்படிச் சமாளிப்பது?

பெரும் செலவு ஆள் சம்பளம். கணக்கு எளிது. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால், எந்நேரமும் ஓர் ஆள் இருக்கவே மூன்றரைப் பேர் வேண்டும். லீவு, காய்ச்சல், தீபாவளி சேர்த்தால் நாலு பேர். நாலு பேர் வாழும் வீடென்றால் ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய ஓர் ஆளின் சம்பளம் விழும். அப்புறம் வாடகை, மளிகை, மருந்து. கூடுதல் உதவி தேவைப்படுகிறவர் இருந்தால் இரவில் இரண்டு ஆள். இந்தக் கணக்கை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'மாதம் மூவாயிரத்துக்குப் பார்த்துக்கொள்கிறோம்' என்று யாராவது சொன்னால், ஆள் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றும்.

வரவு பக்கம் சிறியதுதான். தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை. அதற்கு முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கிடையாது, ஆனால் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள். பெற்றோரில் ஒருவர் அரசு ஊழியரா? சம்பாதித்துப் பிழைக்க முடியாத பிள்ளைக்கு, பெற்றோர் இருவருக்கும் பிறகு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. நீங்கள் இருக்கும்போதே ஓய்வூதிய ஆவணத்தில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பின்னால் உறவினர்கள் அலைவது பெரும்பாடு. சொத்தைப் பிள்ளை பெயருக்கு நேரடியாக எழுதிவிட்டு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விடாமல், பிள்ளைக்காகச் சொத்தை நிர்வகிக்கும் தனி அறக்கட்டளை (டிரஸ்ட்) பற்றி வக்கீலிடம் கேளுங்கள். 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு.

இதெல்லாம் சேர்ந்தாலும் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு எட்டாது. எங்கள் பன்னிரண்டில் மூன்று குடும்பங்கள் அப்படி. ஆகவே பணமுள்ளவர்கள் தங்களுக்கு ஒரு வீடு அமைத்துக்கொண்டு ஒதுங்கினால் வேலை பாதியில் நின்றுவிடும். அரசிடம் கேட்டே ஆக வேண்டும்.

அரசிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

முதலில் எண்ணிக்கை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு எழுதுங்கள். நம் மாவட்டத்தில் மேலே சொன்ன நான்கு குறைபாடுகளோடு அடையாள அட்டை வாங்கிய 25 வயது தாண்டியவர்கள் எத்தனை பேர்? பெரியவர்களுக்கான பதிவு பெற்ற இல்லங்கள் எத்தனை, இடங்கள் எத்தனை, காலி எத்தனை? முப்பது நாளில் பதில் வர வேண்டும். 2011 கணக்கெடுப்பிலேயே நாடு முழுக்க அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 15 லட்சம் பேர். எல்லாரும் குழந்தைகளாகவே இருந்துவிடுவதில்லை. ஆனால் சிறப்புப் பள்ளியோடு திட்டங்கள் தேய்ந்துபோகின்றன.

அப்புறம் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குத் தனியாகப் போகாமல் பத்துக் குடும்பமாகப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கோரிக்கை சிறியதாக, கையில் பிடிக்கக் கூடியதாக இருக்கட்டும். 'ஒவ்வொரு வட்டத்திலும் ஐந்து பேருக்கு ஒரு வீடு' என்று கேட்டால் அதிகாரிக்குக் கணக்குப் போட முடியும். தேசிய அறக்கட்டளைக்குச் 'சமர்த்-கரௌந்தா' என்ற தங்கும் இல்லத் திட்டம் இருக்கிறது, பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் வழியாக நடப்பது. உங்கள் ஊர் நிறுவனம் எதையாவது அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லி நெருக்குங்கள். மனு நகலில் தேதி முத்திரை வாங்காமல் வராதீர்கள். பதில் இல்லாவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அந்த நகலோடு போகலாம். நாங்கள் இதுவரை ஏழு மனு கொடுத்திருக்கிறோம். நாலாவது மனுவுக்குப் பிறகுதான் ஓர் அதிகாரி எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

தெருக்காரர்கள் எதிர்த்தால்?

எதிர்த்தார்கள். உறையூர் பக்கம் எங்கள் பிள்ளைகளின் குழு இல்லத்துக்காக நாங்கள் வீடு பார்த்தபோது இரண்டு ஹவுஸ் ஓனர்கள் அட்வான்ஸ் வாங்கும் கட்டத்தில் மறுத்துவிட்டார்கள். மூன்றாவது வீட்டுக்குப் போனதும் முதல் வாரமே தெருவில் எல்லா வீட்டுக்கும் போய், யார் வரப்போகிறார்கள், ராத்திரி சத்தம் வந்தால் எந்த நம்பருக்கு அழைப்பது என்று சொன்னோம். எதிர்வீட்டுப் பெரியவர் மூன்று மாதம் முகம் கொடுக்கவில்லை. இப்போது கரண்ட் போனால் 'தம்பிங்க இருட்டில பயப்படுவாங்களே' என்று முதலில் டார்ச்சோடு வருபவர் அவர்தான்.

தங்கை பார்த்துக்கொள்வாள் என்று இருந்தால் போதாதா?

அவளிடம் கேட்டீர்களா? பிள்ளையை அவளிடம் ஒப்படைப்பது வேறு, அவன் வீட்டை வாரம் ஒருமுறை அவள் வந்து பார்ப்பது வேறு. இரண்டாவதை என் மகள் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள். முதலாவதை அவளிடம் கேட்க எனக்கு மனமில்லை.

பேசத் தெரியாதவனுக்கு எது பிடிக்கிறது என்று எப்படித் தெரியும்?

உடம்பு சொல்லும், கொஞ்சம் காலம் கொடுக்க வேண்டும். போகும் முன்னால் ஒரு நோட்டில் அவனைப் பற்றி எழுதிக்கொடுங்கள். என் மகனுடைய நோட்டில் இப்படி இருக்கிறது: பல் வலித்தால் இடது காதை அழுத்துவான். மோர் இல்லாமல் சாப்பாடு முடியாது. கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை பார்ப்பான், தடுக்க வேண்டாம். குளிக்க நீல வாளி.

முதல் மாதம் சாயங்காலம் மட்டும் அந்தக் குழு இல்லத்துக்குப் போனான். இரண்டாம் மாதம் ஓர் இரவு. அந்த இரவு நானும் அந்த வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தேன், அவனும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. ஒன்பதாவது தடவை போனபோது, எப்போதும் தலையை விட்டு எடுக்காத தொப்பியைக் கழற்றி ஜன்னலோரக் கட்டிலின் தலையணைமேல் வைத்துவிட்டு சமையலறைக்கு மோர் எடுக்கப் போனான். அந்தக் கட்டில் இப்போது அவனுடையது. வாரம் நாலு நாள் அங்கே, மூன்று நாள் எங்களோடு. புதன்கிழமை காலையில் பையை அவனே வாசலில் கொண்டுவந்து வைக்கிறான்.